4ஆம் எண் பலகை: டான்யூப் ஆற்றில் நாங்கள் மூன்றாகப் பிரிந்த ஒரு நாள்

போன வருஷம் மே மாதக் கடைசியில், ஜெர்மனியின் பாசாவ் நகரில் கப்பலேறி ஹங்கேரியின் புடாபெஸ்டில் இறங்கும் டான்யூப் நதிப் பயணத்துக்குக் குடும்பமாகப் போயிருந்தோம். நான், மனைவி, 14 வயது மகன், 71 வயது அம்மா, பொதுப்பணித்துறையின் பாசனப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பா என மொத்தம் ஐந்து பேர். பயணத்தின் மூன்றாம் நாள், ஆஸ்திரியாவின் வாக்காவ் பள்ளத்தாக்கில், காலை பத்து மணியில் தொடங்கி மதியம் வரை நாங்கள் மூன்று இடங்களில் பிரிந்து கிடந்தோம். அம்மா வேறொரு கப்பலில் இருந்தார். மனைவியும் மகனும் பாலமே இல்லாத கரையில் சைக்கிளோடு நின்றார்கள். நானும் சித்தப்பாவும் படகுத்துறைக்கு வந்து பார்த்தால் எங்கள் கப்பலைக் காணோம்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, இரவு எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆனாலும் அந்த நாளை நான் பலமுறை மணி மணியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் அதில் நடந்த எதுவும் தனித்தனி விபத்து இல்லை, ஒன்றையொன்று பிடித்து இழுத்து வந்தவை. வயதானவர்களை அழைத்துக்கொண்டு இப்படிப் போக நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்கும்போதெல்லாம் இந்த நாளைத்தான் சொல்கிறேன். சரி, முழுவதையும் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். கடலில் போகும் பெரிய கப்பல் காலையில் எந்தத் துறைமுகத்தில் இறக்கிவிடுகிறதோ பெரும்பாலும் அங்கேயேதான் மாலையில் ஏற்றிக்கொள்ளும். நதிக் கப்பல் அப்படியில்லை. காலையில் ஒரு ஊரில் உங்களை இறக்கிவிட்டு, நீங்கள் கோயிலோ கோட்டையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது அது ஆற்றோடு நகர்ந்து போய் அடுத்த ஊரில் காத்திருக்கலாம். எந்தத் துறையில் எந்த நேரத்தில் கட்டுவது என்பதை ஆற்றின் நீர்மட்டமும், அன்றைக்கு அதே துறைக்கு வருகிற மற்றக் கப்பல்களும் சேர்ந்து முடிவு செய்கின்றன. அதனால் நதிப் பயணத்தில் "எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்" என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறோம். "எங்கே திரும்ப வேண்டும், அது மாறினால் எனக்கு யார் சொல்வார்கள்" என்பதுதான் முழுக் கேள்வி. நாங்கள் பாதியைத்தான் கேட்டிருந்தோம்.

அதற்கு முந்தைய நாள் இரவு அறைக்கு வந்த நிகழ்ச்சித் தாளில் எல்லாம் தெளிவாகவே இருந்தது. காலை மெல்க் நகரில் மடாலயம் பார்ப்பது, 11:30க்குக் கப்பல் கிளம்புவது, மதியச் சாப்பாட்டோடு மேல்தளத்திலிருந்து வாக்காவ் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே போவது, 1:30க்கு டூர்ன்ஸ்டைன், மாலை அங்கிருந்து வியன்னா. சைக்கிள் ஓட்ட விரும்புகிறவர்கள் கப்பலின் சைக்கிளை எடுத்துக்கொண்டு மெல்க்கிலிருந்து தாங்களாகவே ஓட்டிப் போய் டூர்ன்ஸ்டைனில் கப்பலைப் பிடித்துக்கொள்ளலாம். மகன் வீட்டிலிருந்து கிளம்பும்போதே இதற்குத்தான் ஆசைப்பட்டிருந்தான்.

அதற்கு முந்தைய இரண்டு நாளும் ஆற்றின் மேல்பகுதியில் நல்ல மழை. பாசாவில் இன் என்கிற ஆறு வந்து டான்யூபில் சேருகிறது. அது ஆல்ப்ஸ் மலையிலிருந்து பனி உருகிய தண்ணீரைக் கொண்டுவருவதால், மே, ஜூன் மாதங்களில் ஏற்கெனவே நிறைந்துதான் ஓடும். அதன் மேல் மழையும் பெய்தால் கேட்கவே வேண்டாம். மெல்க் துறையில் விடியற்காலை நடந்துவிட்டு வந்த சித்தப்பா, "நேத்து ராத்திரி பார்த்த படியில ரெண்டு படி இப்ப தண்ணிக்குள்ள போயிடுச்சு. கலங்கலும் கூடியிருக்கு. இவங்க இன்னைக்கு நேரத்தை மாத்துவாங்க பாரு" என்றார். அவர் சொன்னதை நான் காதில் வாங்கினேன், அவ்வளவுதான். எதையும் அதற்கேற்ப மாற்றவில்லை. இந்த ஆற்றின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு அளவு நிலையம் இருக்கிறது, வாக்காவுக்கு கீன்ஷ்டாக் என்ற இடத்தில். அங்கே நீர் குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டினால் கப்பல் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். 2013 ஜூனிலும் 2024 செப்டம்பரிலும் பெரிய வெள்ளம் வந்து இந்த ஆற்றில் கப்பல்கள் நின்றுபோயிருக்கின்றன. அன்றைக்கு அந்த அளவுக்கு இல்லை, ஆனால் நீர் ஏறிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட நாளில் எந்தக் கப்பல் தலைவரும் சீக்கிரம் கிளம்பத்தான் பார்ப்பார்.

இன்னொரு சூழலும் சேர்ந்துகொண்டது. இந்தத் துறைகளில் இடம் குறைவு, கப்பல்கள் அதிகம். அதனால் இரண்டு மூன்று கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கட்டிவிடுவார்கள். கரையோரம் நிற்கிற கப்பலின் முன்கூடத்துக்குள் நுழைந்து, அதைக் கடந்து, மறுபக்கக் கதவு வழியாக அடுத்த கப்பலுக்குள் போக வேண்டும். அன்று எங்கள் கப்பல் வெளிப்பக்கம். கரையை ஒட்டி நின்றது அதே நிறுவனத்தின் இன்னொரு கப்பல், அச்சில் வார்த்த மாதிரி அதே கட்டமைப்பு, அதே மாடிப்படி, அதே விரிப்பு, அதே இடத்தில் காபி இயந்திரம்.

8:30க்கு மனைவியும் மகனும் சைக்கிளில் கிளம்பினார்கள். 8:50க்கு, நாங்கள் மடாலயத்துக்குப் போகும் பேருந்துக்காக முன்கூடத்தில் வரிசையில் நிற்கும்போது, ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. கப்பல் 10:45க்கே கிளம்பும், டூர்ன்ஸ்டைனுக்குப் பதில் கிரெம்ஸில் கட்டும், டூர்ன்ஸ்டைனுக்குப் பேருந்து விடப்படும். சைக்கிளில் போனவர்களுக்கு இது தெரியாது. மனைவியின் கைப்பேசியில் அந்த ஊர் சிம் இல்லை, கப்பலின் வைஃபையில் மட்டும்தான் அது வேலை செய்யும். ஐந்து பேருக்கும் சேர்த்து வெளியில் வேலை செய்த சிம் என்னிடம் இருந்த ஒன்றுதான். டூர்ன்ஸ்டைனிலிருந்து கிரெம்ஸ் சில கிலோமீட்டர்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர்கள் எந்தக் கரை வழியாகப் போகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளாததை அப்போது ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

மெல்க் மடாலயம் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். ஆற்றுக்கு மேலே பாறையில் மஞ்சள் நிறத்தில் நீளமாகப் படுத்திருக்கும் கட்டடம். 1089இல் அந்தப் பகுதியை ஆண்ட இரண்டாம் லியோபோல்ட் தன் கோட்டையை பெனடிக்ட் சபைத் துறவிகளுக்குக் கொடுத்ததிலிருந்து அங்கே துறவிகள் இருக்கிறார்கள். இப்போது நாம் பார்ப்பது 1702இல் தொடங்கி யாக்கோப் பிரான்ட்டாவர் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பியது. அரசர்கள் தங்கும் பகுதிக்குப் போகும் தாழ்வாரம் மட்டுமே 196 மீட்டர் நீளம். நூலகத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் புத்தகங்கள், ஒரே மாதிரி பழுப்புத் தோலட்டையும் பொன் எழுத்துமாகக் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. சித்தப்பா அங்கே சுருள் படிக்கட்டைப் பார்த்தபடி நகரவே இல்லை.

சுற்றிக் காட்டுகிறவர் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு எண் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார். எங்களுக்கு 4. எல்லோர் காதிலும் ஒரு ஹெட்செட், அவர் பேசுவது அதில் கேட்கும், அவரிடமிருந்து ரொம்ப விலகினால் சத்தம் அறுந்துபோகும். கடைசியாகத் தேவாலயம். அதன் பக்க பீடம் ஒன்றில் புனித கோலமான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அயர்லாந்திலிருந்து எருசலேமுக்கு யாத்திரை போன மனிதர், வழியில் வியன்னாவுக்குப் பக்கத்தில் ஸ்டோக்கராவ் என்ற ஊரில் அவரைப் பிடித்தார்கள். உள்ளூர் மொழி தெரியாததால் தான் யார் என்று சொல்லத் தெரியவில்லை, ஒற்றன் என்று முடிவு கட்டி 1012இல் தூக்கில் போட்டுவிட்டார்கள். பிறகு அவரைப் புனிதராகக் கருதி மெல்க்குக்குக் கொண்டுவந்தார்கள். இதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். "பாஷை தெரியலைங்கிறதுக்காகவா கொன்னுட்டாங்க?" என்று கேட்டுவிட்டு அம்மா அந்தப் பீடத்தின் முன்னால் நின்றுவிட்டார். நான் நாலு அடி தள்ளிப்போய் சித்தப்பாவோடு கூரை ஓவியத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா திரும்பிப் பார்த்தபோது எங்கள் குழு தூண் மறைவுக்குப் போய்விட்டது. ஹெட்செட்டில் சத்தம் இல்லை. வாசல் பக்கம் ஒரு பலகை போய்க்கொண்டிருந்தது. சிவப்பில் 4. பக்கத்துக் கப்பலும் அதே நிறுவனம் என்பதால் அவர்களும் அதே பலகைகளைத்தான் வைத்திருந்தார்கள், அவர்களுக்கும் ஒரு நான்காம் குழு இருந்தது. அம்மா அதன் பின்னால் நடந்தார், அவர்களுடைய பேருந்தில் ஏறினார். ஏறும்போது தலை எண்ணினார்கள். அந்தக் குழுவில் ஒருவர் நடந்தே துறைக்கு இறங்கிப் போய்விட்டாராம், அது எண்ணியவருக்குத் தெரியாது. அம்மாவோடு சேர்த்து எண்ணிக்கை மிகச் சரியாக வந்தது. இந்த ஒரு இடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு படபடக்கிறது. கணக்கு தப்பாக வந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள்.

துறையில் என்ன நடந்தது என்பதைப் பிறகு அம்மாவும் அந்தக் கப்பல் ஊழியர்களும் சொல்லிக் கோத்துக்கொண்டோம். அம்மா கரையோரக் கப்பலில் ஏறும்போது அறைச் சாவி அட்டையைக் காட்டினார். அது வெளிப்பக்கக் கப்பலின் அட்டை என்பதைப் பார்த்த ஊழியர், வழிநடையாகப் போகிறார் என்று சரியாகவே அனுமதித்தார். அம்மாவுக்கோ அதுதான் நம் கப்பல். மாடி ஏறி 212ஆம் அறைக்குப் போய் அட்டையை வைத்தார், திறக்கவில்லை, மறுபடி வைத்தார். உள்ளேயிருந்து ஒரு வயதான தம்பதி கதவைத் திறந்தார்கள். அம்மா பயந்துவிட்டார். அவர்கள் பயப்படவில்லை. அம்மாவின் கையிலிருந்த அட்டையில் கப்பல் பெயரைப் படித்துப் பார்த்து, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்து வரவேற்பு மேசைக்குக் கூட்டிவந்தார்கள். அதற்கு ஐந்து நிமிடம் முன்புதான் எங்கள் கப்பல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போயிருந்தது.

இந்த நேரமெல்லாம் நானும் சித்தப்பாவும் மடாலயத்தில் தேடிக்கொண்டிருந்தோம். தேவாலயம், முற்றம், கழிப்பறை, கடை, திரும்ப நூலகம், வாசல் காவலர். நுழைவாயிலில் இருந்த பெண் ஒருவர் தானாகவே எழுந்து எங்களோடு வந்து, ஒவ்வொரு அறைக் காவலரிடமும் கேட்டுச் சொன்னார். 10:40க்குக் கப்பலிலிருந்து அழைப்பு. "உங்கள் மூன்று பேரின் அட்டைகள் இன்னும் பதிவாகவில்லை, பத்து நிமிடம் காத்திருக்க முடியும், அதற்குமேல் முடியாது." எங்களுக்குப் பின்னால் அந்த இடத்துக்கு இன்னொரு கப்பல் வருகிறது, நீரும் ஏறுகிறது. அம்மாவைக் காணாமல் நான் வரமாட்டேன் என்றேன். அவர்கள் கிளம்பினார்கள். அப்போது கோபம் வந்தது, இப்போது இல்லை. மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் சாலை வழியாக ஒரு மணி நேரம், கப்பலைத் தரையில் துரத்திப் பிடித்துவிட முடியும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதை அவர்கள் அந்த அழைப்பிலேயே இரண்டு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். "இந்தப் பேருந்தில் வாருங்கள், ஒன்றும் பதற வேண்டாம்" என்று யாராவது சொல்லியிருந்தால் அடுத்த இருபது நிமிடம் என் கை நடுங்கியிருக்காது.

அடுத்த அழைப்பில்தான் அம்மா இருக்கும் இடம் தெரிந்தது. பாறைப் படிகளில் இறங்கி ஓடாத குறையாகத் துறைக்கு வந்தோம். அம்மா அந்தக் கப்பலின் முன்கூடத்தில், எதிரில் தேநீர் ஆறிப்போய் இருக்க, பையை மடியில் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "என்னால கப்பல் போயிடுச்சாப்பா?" சித்தப்பாதான் உடனே, "இல்ல அண்ணி, தண்ணி ஏறினதால போயிடுச்சு" என்றார். அது உண்மையும்கூட.

மெல்க் ரயில் நிலையத்திலிருந்து ஆற்றின் வடகரை வழியாகக் கிரெம்ஸுக்குப் போகும் ஊர்ப் பேருந்து ஒன்று இருக்கிறது. ஓட்டுநரிடமே சீட்டு வாங்கிக்கொண்டு ஏறினோம். இந்த இடத்தில் நான் நியாயமாக ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். அந்த வாரம் முழுக்கப் பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு மணி நேரம்தான், அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து என் கையைப் பிடித்திருந்த அந்த ஒரு மணி நேரம்.

மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் நடுவே சுமார் 36 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2000இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. இரண்டு பக்கமும் மலைச்சரிவில் சாந்து பூசாமல் கல் மேல் கல் அடுக்கிக் கட்டிய படிப்படியான சுவர்கள், அவற்றின் மேல் திராட்சை. கீழே சாலையோரம் சர்க்கரை பாதாமி (ஆப்ரிகாட்) மரங்கள். காய் பச்சையாகச் சின்னதாக இருந்தது, ஜூலையில்தான் பழுக்கும். வழியில் வில்லெண்டார்ஃப் என்ற சின்ன ஊர். 1908இல் இங்கேதான் 11 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கல் பெண் உருவத்தைத் தோண்டி எடுத்தார்கள். வயது ஏறக்குறைய 30,000 ஆண்டு. இப்போது அது வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மறுநாள் போய்ப் பார்த்தோம். ஷ்பிட்ஸ் ஊருக்கு மேலே ஆயிரம் வாளி மலை என்று ஒரு குன்று, நல்ல வருஷத்தில் அவ்வளவு வாளி திராட்சை மது கிடைக்கும் என்பதால் அந்தப் பேராம். ஷ்பிட்ஸ் தாண்டி வைசன்கிர்ஷன் நெருங்கும்போது சித்தப்பா திடீரென்று எழுந்து நின்றார். "அதோ நம்ம கப்பல்!" கலங்கல் தண்ணீரில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பேருந்து அதைத் தாண்டிப் போனது. அம்மாவின் முகத்தில் காலையிலிருந்து அப்போதுதான் சிரிப்பு வந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த தவறு. நேராகக் கிரெம்ஸ் போயிருக்க வேண்டும். ஆனால் மனைவியும் மகனும் பழைய நிகழ்ச்சித் தாளை நம்பி டூர்ன்ஸ்டைன் துறையில் நிற்பார்களே என்று நாங்கள் டூர்ன்ஸ்டைனிலேயே இறங்கிவிட்டோம். துறைக்கு இறங்கும் படிகளைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. கப்பலும் இல்லை, சைக்கிளும் இல்லை. 12:15லிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றோம். ஏறிவரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு, அதன் கரையில் சைக்கிளில் போன பிள்ளைக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று விவரித்து எழுத எனக்கு வரவில்லை.

அவர்கள் அப்போது நேர் எதிர்க்கரையில் இருந்தார்கள். நிழல் அதிகம் என்று யாரோ சொன்னதால் தென்கரைப் பாதையை எடுத்திருக்கிறார்கள். ஷ்பிட்ஸுக்கு எதிரே ஒரு படகு உண்டு. ஆற்றின் குறுக்கே கட்டிய இரும்பு வடத்தைப் பிடித்துக்கொண்டு, மோட்டாரே இல்லாமல், ஓடும் தண்ணீரின் விசையிலேயே அக்கரைக்குப் போகும். அதில் கடந்து வடகரைக்கு வந்துவிடலாம் என்பது திட்டம். நீர் ஏறியதால் அந்தப் படகு ஓடவில்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு மேலே ஓட்டியிருக்கிறார்கள். டூர்ன்ஸ்டைனுக்கு எதிரே ரோசாட்ஸ் ஊரிலிருந்து கடக்கும் படகும் நிறுத்தம். மெல்க் பாலத்தை விட்டால் மௌடெர்ன் என்ற ஊர் வரை இந்தப் பள்ளத்தாக்கில் ஆற்றின் மேல் பாலமே கிடையாது. திட்டம் போடும்போது வரைபடத்தை எடுத்துப் பார்த்திருந்தால் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். அவர்கள் வேறு வழியில்லாமல் மௌடெர்ன் வரை ஓட்டி, பாலம் ஏறி, அக்கரையில் ஸ்டைன் பகுதியில் இறங்கினால், எதிரே எங்கள் கப்பல் நிற்கிறது! மௌடெர்ன் பாலம் கொண்டுபோய் விடுவதே கிரெம்ஸ் பக்கம்தான். அட்டைகளைக் காட்டி ஏறிவிட்டார்கள். உள்ளே போனால் நாங்கள் மூவரும் இல்லை. இரண்டு அட்டைகள் பதிவானதும் கப்பலிலிருந்து எனக்குக் கூப்பிட்டார்கள், 1:20க்கு. அம்மா அங்கேயே படியில் உட்கார்ந்து முருகனைக் கும்பிட்டார்.

டூர்ன்ஸ்டைனிலிருந்து கிரெம்ஸுக்குக் கப்பலின் பேருந்து நான்கு மணிக்கு. அம்மா சைவம், காலையிலிருந்து அந்த ஆறிய தேநீரைக்கூடக் குடிக்கவில்லை. இந்த ஊருக்கென்றே ஒரு வட்ட ரொட்டி உண்டு, மேலே மொறுமொறுப்பாக, உள்ளே மெத்தென்று. அதையும் பாதாமி ஜாமையும் வாங்கி, நீலமும் வெள்ளையுமாக நிற்கிற மடாலயக் கோபுரத்தின் கீழ் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்புறம் நானும் சித்தப்பாவும் மட்டும் கோட்டைப் பாதையில் ஏறினோம். கல் நனைந்து வழுக்கியது, சித்தப்பா பாதியில் "போதும்பா, இன்னைக்கு இதுக்குமேல வேண்டாம்" என்றார். சரியான முடிவு, நானே சொல்லியிருக்க வேண்டும். அங்கிருந்தே இடிந்த கோட்டை தெரிந்தது. 1191இல் சிலுவைப் போரில் பாலஸ்தீனத்தின் ஆக்கர் கோட்டையைப் பிடித்தபோது ஆஸ்திரியக் கோமகன் ஐந்தாம் லியோபோல்டின் கொடியை இறக்கி அவமானப்படுத்தினார்கள். அந்தப் பகை இங்கிலாந்து அரசன் முதலாம் ரிச்சர்டின் மேல் விழுந்தது. அடுத்த வருஷம் டிசம்பரில் மாறுவேடத்தில் இந்த நாட்டு வழியே ஊர் திரும்பிய ரிச்சர்டை வியன்னா பக்கத்தில் பிடித்து, இந்த டூர்ன்ஸ்டைன் கோட்டையில்தான் அடைத்தார்கள். பேசிய பிணைத்தொகை 1,50,000 மார்க் வெள்ளி. லியோபோல்டுக்கு வந்த பங்கு வீனர் நாய்ஷ்டாட் என்ற ஊரை உருவாக்கப் பயன்பட்டது. கோட்டையை 1645இல் சுவீடன் படை இடித்தது. சித்தப்பா கீழே ஆற்றைக் காட்டி, "அந்த ராஜாவும் இதே தண்ணியைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருப்பான்" என்றார்.

இனி, எங்கே தவறியது என்பது. மழை ஒரு காரணம், ஆனால் முக்கியமான காரணம் இல்லை. மழை நேரத்தை மாற்றியது, அவ்வளவுதான். மாறிய செய்தி சைக்கிளில் போனவர்களை எட்ட எந்த வழியும் வைக்கப்படவில்லை. நிறுவனம் பக்கம் பார்த்தால், நீர் ஏறுவது விடியும் முன்பே தெரிந்திருக்கும் ஒரு நாளில், 8:30க்கு சைக்கிளைக் கையில் கொடுக்கும்போதே "மாறலாம், கிரெம்ஸ் வரை ஓட்டத் தயாராக இருங்கள், படகுகள் ஓடாது" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே துறையில் ஒட்டிக் கட்டும் இரண்டு கப்பல்களுக்கு ஒரே நிறத்தில் ஒரே எண் பலகை கொடுப்பது வயதானவர்கள் நிறைந்த பயணத்தில் செய்யவே கூடாத காரியம். வேறு நிறம் கொடுத்தால் போதும், செலவே இல்லை. தலையை எண்ணுவதோடு ஒவ்வொருவரின் அட்டையையும் பேருந்துப் படியில் பார்த்திருந்தால் அம்மா அங்கேயே கண்டுபிடிக்கப்பட்டிருப்பார். இதையெல்லாம் அன்று மாலையே பயண மேலாளரிடம் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார், மறுநாள் வியன்னாவில் எங்கள் பலகைகளில் கப்பல் பெயர் ஒட்டியிருந்தது. அதற்கு நன்றி.

எங்கள் பக்கம் பார்த்தால், ஐந்து பேருக்கு ஒரு சிம் என்பது பெரிய தப்பு. மறுநாள் காலை வியன்னாவில் முதல் வேலையாக மனைவிக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொன்று வாங்கினோம். கப்பல் பெயர், என் எண், கப்பல் வரவேற்பு மேசை எண், அன்றைக்கு மாலை கப்பல் நிற்கப்போகும் துறை, இந்த நான்கையும் ஒரு சீட்டில் எழுதித் தினமும் காலையில் அம்மாவின் பையில் வைக்க ஆரம்பித்தோம். துறையின் பெயர் தினமும் மாறும் என்பதால் தினமும் புதுச் சீட்டு. கோலமான் கதை அம்மா மனதில் இருந்திருக்க வேண்டும், சீட்டில் ஜெர்மன் மொழியிலும் எழுதித் தரச் சொன்னார். வரவேற்பு மேசையில் இருந்த பெண் எழுதிக் கொடுத்தார். பிராட்டிஸ்லாவாவில் துறை கடைசி நேரத்தில் மாறியபோது, அம்மாதான் முதலில் கேட்டார், "சீட்டை மாத்தி எழுதலையா?" கூட்டமாக நிற்கும் இடத்தில் பிரிந்துவிட்டால் யாரும் யாரையும் தேடிப் போகக் கூடாது, கடைசியாகச் சேர்ந்து நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதையும் பேசி வைத்துக்கொண்டோம். சின்னப் பிள்ளைகளுக்குத் திருவிழாவில் சொல்லித்தருவோமே, அதேதான். பெரியவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

அன்று மாலை ஏழு மணிக்குக் கப்பல் கிரெம்ஸை விட்டது. சாப்பிடும்போது மகன் தன் கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டிக்கொண்டிருந்தான். ரோசாட்ஸ் கரையிலிருந்து டூர்ன்ஸ்டைனை எடுத்த படம் ஒன்று, நேரம் 12:22. நீலக் கோபுரம், மேலே கோட்டை, கீழே துறை. மனைவி அதை விரலால் பெரிதாக்கினாள். துறைப் படியில் ஒரு பச்சைப் புள்ளி, பக்கத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். அம்மா அன்று கட்டியிருந்தது பச்சைச் சேலை. நடுவில் சில நூறு மீட்டர் தண்ணீர்தான். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்போது வெளியே இருட்டியது போலத் தெரிந்தது, ஆல்டன்வொர்த் நீர்ப்பூட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தோம். அணையைத் தாண்டக் கப்பலை ஒரு பெரிய தொட்டிக்குள் விட்டு, கதவை மூடி, தண்ணீரை வடித்துக் கீழே இறக்குவார்கள். ஆஸ்திரியாவில் இந்தத் தொட்டிகள் 24 மீட்டர் அகலம். எங்கள் மாதிரிக் கப்பலின் அகலம் 11.4 மீட்டர், அதனால் இரண்டு கப்பல்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியும் என்று சித்தப்பா மகனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, ஜன்னலை ஒட்டி இன்னொரு கப்பல் மெல்ல வந்து நின்றது. அதே கப்பல். அவர்களுடைய சாப்பாட்டுக் கூடமும் எங்கள் கூடமும் நேருக்கு நேர், கண்ணாடிக்குக் கண்ணாடி கையெட்டும் தூரம். தண்ணீர் வடிய இரண்டும் சேர்ந்தே கீழே இறங்கின.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். "இவங்கதான்டா, அந்த 212." எதிர் ஜன்னலில் வெள்ளைத் தலைமுடியோடு இருவர் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எழுந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். அந்தப் பெண்மணி நிமிர்ந்து பார்த்து, கணவரை உலுக்கிக் காட்டி, தானும் எழுந்து வந்து கையை வைத்தார். முன்கதவு திறக்கும் வரை இருவரும் அப்படியே நின்றார்கள். அவர்கள் கப்பல்தான் முதலில் வெளியே போனது.